அடித்தவரையே கூப்பிட்ட கெய்ரோ

எல்லாருக்கும் வணக்கம். கூழ் ஊற்ற இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம், அதுவரை பிள்ளைகளுக்குக் கால்பந்தைப் பற்றி ஏதாவது சொல்லு என்று கமிட்டியில் பிடித்து நிறுத்திவிட்டார்கள். டர்பனில் நம்ம சாட்ஸ்வொர்த்தில் பந்து என்றாலே மேனிங் ரேஞ்சர்ஸ்தான், 1996-97இல் தென்னாப்பிரிக்காவின் பிஎஸ்எல் லீக் ஆரம்பித்த முதல் வருஷமே நம்ம பேட்டை அணி கோப்பையைத் தூக்கிய கதையைத் தாத்தாமார் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். அதனால் நான் பயிற்சியாளர் பிட்ஸோ மோசிமானேவைப் பற்றிப் பேசுகிறேன்.

1964இல் ககீசோவில் பிறந்தவர். ஜோமோ காஸ்மோஸ், சண்டவுன்ஸ், அப்புறம் கிரீஸ், பெல்ஜியம், கத்தார் என்று ஆடினார். ஆனால் பெயர் வாங்கியது ஆடவைத்ததில். 2016இல் பயிற்சியாளராக பிரிட்டோரியாவின் சண்டவுன்ஸுக்கு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார். 2019 ஏப்ரலில் கெய்ரோவின் அல் அஹ்லி பிரிட்டோரியாவுக்கு வந்தது, இவருடைய சண்டவுன்ஸிடம் 5-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் செப்டம்பரில் அதே அல் அஹ்லி இவரையே கூப்பிட்டு வேலை கொடுத்தது! நம்மை அடித்தவரைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்காரவைக்க நமக்கு மனசு வருமா? இரண்டே மாதத்தில் கெய்ரோவின் இன்னொரு அணி ஜமாலெக்கை ஃபைனலில் 2-1 என்று வென்று அவர்களுக்கும் அந்தக் கோப்பை.

அதற்கடுத்த ஃபைனல் 2021 ஜூலை 17. அந்த வாரம் டர்பன் இருந்த நிலைமை ஞாபகம் இருக்கும், கலவரத்தில் கடைகள் கொள்ளை போய், ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை, ராத்திரியில் தெருமுனையை மறித்துக் காவல். எங்கள் தெருவில் காவலுக்கு நின்றவர்கள் ஒரு டிவியை வாசலுக்கே இழுத்துவந்துவிட்டார்கள். காசாபிளாங்காவில் பிட்ஸோவின் அல் அஹ்லிக்கு எதிரே நம்ம நாட்டு கைசர் சீஃப்ஸ். என் மாமா பிறவி சீஃப்ஸ்காரர். இடைவேளைக்குச் சற்று முன் சீஃப்ஸ் பையனுக்கு ரெட் கார்டு, அப்புறம் வரிசையாக மூன்று கோல். ஒவ்வொன்றுக்கும் மாமா பிட்ஸோவைத் திட்டினார், மூன்றாவதற்குத் திட்டி முடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் நம்ம ஆள்டா" என்றார்.

வெளியூர்ப் பிழைப்பு எப்போதும் இப்படி இனிக்காது. சவுதியில் இன்னொரு அல் அஹ்லி, ஜெட்டா அணி, வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கீழ் டிவிஷனுக்கு விழுந்தபோது இவரைக் கூப்பிட்டார்கள். 2023இல் மேலே ஏற்றிவிட்டார். ஏறிய கையோடு காசு கொட்டியது, மாரெஸ், ஃபிர்மினோ மாதிரி பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள், பயிற்சியாளர் நாற்காலியில் மட்டும் வேறு ஆள்.

மாமா இதோ மூன்றாவது வரிசையில், அதே சீஃப்ஸ் ஜெர்சியோடு இருக்கிறார். கூழ் வாங்கும்போது கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு யார் பக்கம் என்று. சொல்ல மாட்டார்.