பொரிக்கு லாரி, சிமெண்டுக்குக் குட்டி யானை! வண்டி பிடிக்கும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: குட்டி யானை ஒன்று. தளத்தில் சிமெண்ட் மூட்டைகள், மேலே முழுக்கக் காலி]

இந்த வண்டியில் இன்னும் எத்தனை மூட்டை ஏற்றலாம்? யோசியுங்கள். ஒன்றுகூட ஏற்ற முடியாது!

2005-இல் வந்த டாடா ஏஸ்தான் நம் ஊர்க் குட்டி யானை, தாங்குவது சுமார் 750 கிலோ, வரலாறு அவ்வளவு போதும். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 15 மூட்டை வைத்தால் கணக்கு முடிந்தது, இரண்டாவது அடுக்கு பாதியில் நிற்கும்.

இப்போது அதே வண்டியில் பொரி ஏற்றுவோம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மார்க்கெட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஆள் உயர மூட்டையை ஒரு பையன் ஒற்றைக் கையால் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போவான். அதை டிரைவர் கேபினுக்கு மேலே வரை அடுக்கி, கயிறு போட்டு இழுத்துக் கட்டினாலும் வண்டிக்கு ஏதோ ஏறியிருக்கிறது என்றே தெரியாது, அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை கொஞ்சம்கூடத் தாழாது. பார்க்கிறவர்கள்தான் "அய்யோ, ஓவர்லோடு" என்பார்கள். பொரிக்கு இடம் முதலில் தீரும், சிமெண்டுக்கு எடை முதலில் தீரும். உங்கள் சரக்கு பொரி ஜாதியா, சிமெண்ட் ஜாதியா? வண்டி கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. வீட்டுக்கு டைல்ஸ் 60 பெட்டி, பெட்டி சுமார் 28 கிலோ. "சின்னக் குவியல்தானே" என்று குட்டி யானையைக் கூப்பிட்டேன். டிரைவர் அண்ணன் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, பேருதான் யானை." மொத்தம் 1,680 கிலோ! தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி அடுத்த அளவு வண்டிகள் எல்லாம் மாடலைப் பொறுத்து ஒன்றேகாலில் இருந்து ஒன்றேமுக்கால் டன் வரை தாங்கும், அதில் பெரியதைப் பிடித்திருந்தால் ஒரே நடை. நான் மூன்று நடை வாடகை கொடுத்தேன்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இரண்டு 32 அடி கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கும். குனிந்து சக்கரத்தை எண்ணுங்கள். ஆறு சக்கர வண்டி ஏழு டன் சுற்றில் நின்றுவிடும், பத்து சக்கரம் என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மெத்தை, தெர்மாகோல் அனுப்புகிறவர் எதற்குப் பத்து சக்கரத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும்?

வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை டிரைவரிடம் கேட்காதீர்கள், "பாத்துக்கலாம் சார்" என்பார். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் காலி எடையைக் கழியுங்கள், மீதிதான் உங்கள் சரக்கு. மீறினால் 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, போதாதற்குக் கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

சந்துக்குள் லாரி நுழையாது, கடைசித் தெருவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒன்று, சில நேரம் பெரிய வண்டியே மலிவு. சரக்கை இறக்கிவிட்டு ஊருக்குக் காலியாகத் திரும்பும் லாரிக்காரர் டீசல் காசு வந்தால் போதும் என்று நினைப்பார், அதனால் லாரி புக்கிங் ஆபீஸில் "ரிட்டர்ன் வண்டி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

லோடு ஓட்டும் அண்ணன்களே, வண்டி நிறைந்தும் எடையே இல்லாமல் நீங்கள் ஏற்றிய சரக்கு எது? பொரியைத் தவிர வேறு சொல்லுங்கள்.