சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(மன்னார்குடி வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், தேசிய நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, வயலில் களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நூலகத்துக்குப் புதிதாக அலமாரி வாங்கித் தந்த முன்னாள் மாணவர்களே, வாசலில் இவ்வளவு பெரிய கோலம் போட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, சத்துணவுக் கூடத்து அம்மாக்களே, எல்லோருக்கும் என் வணக்கம். வர இயலாமல் வாழ்த்துச் செய்தி அனுப்பிய மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கும் நன்றி. ஒலிபெருக்கித் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. மதிய வெயிலில் அவர்தான் கம்பம் ஏறினார்.

‘கையில் செல்போன் இருக்கும்போது பள்ளிக்கு நூலகம் எதற்கு?’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். போன் என்ன தருகிறது, புத்தகம் என்ன தருகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைப் பள்ளியில் எப்படிப் பயன்படுத்துவது.

போன் நிறையத் தருகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. கேட்டதற்கு நொடியில் பதில் வருகிறது. ஆனால் எதைக் கேட்பது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே? வந்த பதில் சரிதானா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டுமே? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இன்று முழுக் கட்டுரையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு, அந்தச் சொல்லுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தது. அதற்கு அடுத்த வருஷம் கோட்டூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாத்தாவோடு வந்தாள். ‘எங்கள் ஊர்’ என்று பள்ளியில் கட்டுரை கேட்டிருந்தார்கள். போனைப் பார்த்து எழுதி முடித்துவிட்டாள், படம் ஒட்ட பழைய செய்தித்தாள் வேண்டும் என்று வந்திருக்கிறாள். எங்கே, வாசி கேட்போம் என்றேன். “எங்கள் ஊர் ஆனைமலை அடிவாரத்தில் அமைந்துள்ளது. எங்கும் பச்சைப் பசேலென்று தென்னந்தோப்புகள்” என்று ஆரம்பித்தாள்.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏம்மா, நம்ம ஊருக்கு மலை எப்ப வந்துச்சு?”

“போன்ல போட்டிருக்கு தாத்தா.”

“தென்னந்தோப்பா? நம்ம தென்னை பூராவும் கஜாவுல சாஞ்சு கெடக்கே!”

“அதுவும் போன்லதான் தாத்தா இருக்கு.”

“அப்ப நான் எழுபது வருஷமா எந்த ஊர்ல இருந்தேன்?” என்றார் அவர்.

விஷயம் இதுதான். பொள்ளாச்சிப் பக்கமும் ஒரு கோட்டூர் இருக்கிறது. போன் அந்தக் கோட்டூரைக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? அலமாரியிலிருந்து தேவாரத்தை எடுத்து, சம்பந்தர் இந்தக் கோட்டூர்க் கொழுந்தீசர் மேல் பாடிய பதிகத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ‘கோட்டூர் நற்கொழுந்தே’ என்று பாட்டுக்குப் பாட்டு அவள் ஊர்ப் பெயர் வருகிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாட்டு! நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள். “இது நம்ம கோயில்ல பாடுறதாச்சே” என்று தாத்தாவும் சேர்ந்துகொண்டார். அப்புறம் வாய்க்கால் கதை, நடவுக் கதை, கஜா அடித்த இரவு, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பூட்டும் நேரம் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் தாத்தா வந்து காப்புத் தொகை கட்டி உறுப்பினராகவே ஆகிவிட்டார்.

சபையோர்களே, தேவாரம் அந்த அலமாரியில் அதற்கு முன்பும் இருந்தது. அதை எடுத்து இந்தப் பெண்ணுக்கு இது என்று நீட்ட ஒரு ஆள் அங்கே இருந்தார். நான் பேச வந்தது இதைத்தான்.

நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி 1931இல் வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அடுத்த இரண்டும். அதே 1931இல் இந்த மன்னார்குடியில்தான் புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். வாசகன் இருக்கும் இடத்துக்கு நூலகம் போன ஊர் இது!

இன்று பள்ளிகளில் புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்து வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் அருமையானவை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்தது கேட்கும். ஆனால் பல பள்ளிகளில் பீரோ சாவி ஏதோ ஒரு ஆசிரியர் கைப்பையில் இருக்கிறது. அந்த ஆசிரியர் பாடமும் நடத்த வேண்டும், எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பிள்ளைகள் விவரமும் பதிய வேண்டும், விலையில்லா சைக்கிள் கணக்கும் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நூலக வேளை கால அட்டவணையில் இருக்கும். அந்த நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், சரி. சட்டி நிறைய இருக்கிறதே, அகப்பை பிடிக்க ஆள் எங்கே?

மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது போய்ப் பார்த்துப் பூரித்துப் போனேன். சென்னையில் 2010 முதல் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எல்லாம் பெருமைதான். நம் பிள்ளை தினமும் போகிற நூலகம் இந்தக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. நாலு பேர் வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார் என்றால், ரீசார்ஜ் இல்லாமல் அந்தப் பிள்ளை திறக்கக்கூடிய ஒரே கதவு அதுதான். நூலகப் படிப்பு முடித்த எத்தனையோ இளைஞர்கள் இந்த மாவட்டத்திலேயே ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அந்தக் கதவருகே உட்கார வையுங்கள் என்றுதான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்.

1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அது பொது நூலகத்துக்கான பணம், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. வாசிப்புக்காக வரி கட்டிப் பழகிய மக்கள் பள்ளிக்கு ஒரு நூலகர் கேட்பது அதிகமா?

மின்நூலகம் பற்றிப் பேச நேரம் இல்லை. கணினி ஆசிரியர் அதை ஹைடெக் லேபில் பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் முழுநேர நூலகர் பணியிடம் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும். ஜனவரி 26 கிராம சபையிலும் அதே தீர்மானம் வர வேண்டும். வாசகத்தை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன், மேடைக்கு இடது பக்க மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வாய்ப்பளித்த தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு மீண்டும் நன்றி. வணக்கம்.