கரீபியன் பயணத்தில் மனதில் நிற்பது வறுமையே!

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். கரீபியன் பயணத்தில் மனதில் நிற்பது அழகா, வறுமையா? வறுமைதான் என்று பேச வந்திருக்கிறேன். மணி அடிப்பவர் இப்போதே மணிமேல் கை வைத்துவிட்டார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு போடு போட்டார். "அக்கா சொகுசுக் கப்பலில் போய், பஃபேயில் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுவிட்டு, இங்கே வந்து வறுமை பேசுகிறார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். அவர் என் வீட்டுக்காரர்.

தம்பி, சாப்பிட்டேன். காசு கட்டிவிட்டுப் பட்டினி கிடப்பார்களா? ஆனால் அந்தக் கப்பல் ஹெய்ட்டியின் வடகரையில், லபாடியில் ஒதுங்கியது. பச்சை மலை கடல்வரைக்கும் இறங்கி வருகிறது. அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தக் கரை 1980களிலிருந்து கப்பல் நிறுவனத்துக்குக் குத்தகை. சுற்றிலும் வேலி. பயணி வெளியே போக முடியாது, ஊர்க்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. "அழகுக்கு ஏது வேலி?" என்று கவிதை பாடினீர்களே தம்பி, நான் அந்த வேலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவள்.

உள்ளே அனுமதி வாங்கிய கைவினைக் கடைகள் உண்டு. பழைய எண்ணெய் டிரம்மை வெட்டி, தட்டித் தட்டையாக்கி, உளியும் சுத்தியலும் வைத்தே மீன், சூரியன், மரம் என்று செய்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு மீனைத் தூக்கினார். கடைக்காரர் பேசுவது கிரியோல். இவர் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். நடுவில் ஒரு போன். அவர் இருபத்தைந்து டாலர் என்று தட்டினார். இவர் ஐந்து என்று தட்டினார். அவர் இருபது. இவர் ஐந்து. பின்வரிசைக்குக் கேட்டதா? இன்னொரு தடவை சொல்கிறேன்: அவர் இருபத்தைந்து, இவர் ஐந்து. அவர் இருபது, இவர் ஐந்து. அவர் பதினைந்து, இவர் அப்போதும் ஐந்து! கடைக்காரர் பாவம், போனில் மற்ற எண்கள் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று துடைத்துக் கொடுத்தார்.

அப்புறம் நம் ஊர்ப் பிரம்மாஸ்திரம். வேண்டாம் என்று நடந்தார். பின்னாலிருந்து "சார், சார்" என்று கூப்பிடுவார்கள் என்று மெதுவாக நடந்தார். இன்னும் மெதுவாக நடந்தார். குனிந்து ஷூ லேஸ் கட்டினார். ஐயா, அவர் போட்டிருந்தது செருப்பு! யாரும் கூப்பிடவில்லை. தானாகத் திரும்பி வந்து பதினைந்தே கொடுத்தார். குடை சொருகிய ஒரு டம்ளர் ஜூஸுக்கு விலைகூடக் கேட்காமல் கார்டை நீட்டியவரும் இதே மனிதர்தான். மீனைத் திருப்பினால், டிரம்மின் மஞ்சள் பெயின்ட் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது விசில் அடியுங்கள் பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, ஒரே நிமிஷம். "வறுமை எங்கேதான் இல்லை?" என்றும் தம்பி கேட்டார். இந்த வறுமைக்கு ரசீது இருக்கிறது தம்பி. ஹெய்ட்டி நாட்டு அடிமைகள் தங்களை ஆண்ட பிரான்ஸோடு போராடி 1804 ஜனவரி 1-இல் விடுதலை வாங்கினார்கள். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பலோடு வந்து 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி. அடித்தவனுக்கு அடிபட்டவன் தண்டம் கட்டினான். அது சம்பந்தப்பட்ட கடைசிக் கடன் தீர்ந்தது 1947-இல். நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருஷம்!

அந்த நாட்டில் ஜனவரி முதல் தேதி வீட்டுக்கு வீடு பூசணிக்காய் சூப் வைப்பார்கள். அடிமைக் காலத்தில் அதைச் சமைத்துப் பரிமாறலாம், ஆனால் வாயில் வைக்கக்கூடாது என்பார்கள். அதனால்தான் விடுதலை நாளில் அதைக் குடிக்கிறார்கள். அன்றைக்கும் பூசணிக்காய் வாங்கக் காசில்லாமல் ஒரு தாய் இருப்பாளே ஐயா? "அம்மா, நம் வீட்டில் சூப் இல்லையா?" என்று பிள்ளை கேட்டால், அவள் கடலைக் காட்டி "எவ்வளவு அழகு பார்" என்றா சொல்வாள்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கேட்பாள். கேட்டால் கொடுப்பார்களாம், அந்த நாளில் இல்லை என்று சொல்ல மாட்டார்களாம்.

நடுவர் ஐயா, உங்களுக்கும் ஒரு தாய் இருந்தாள். அவளை நினைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்லுங்கள். வணக்கம்.