லெமுவேலின் பிரசங்கம்

அன்பானவர்களே, ஒரு விற்பனைச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். 1731-இல் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், வீனஸ் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமியை 80 பவுண்டு கொடுத்து அடிமையாக வாங்கினார். அந்தச் சீட்டு இன்றும் இருக்கிறது. தேவனுடைய இறையாண்மையைப் பற்றி அமெரிக்காவில் அவரைப்போல ஆழமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. அதே கைதான் அந்தப் பிள்ளையையும் விலைக்கு வாங்கியது.

அமெரிக்கக் கறுப்பினச் சபையில் சீர்திருத்த இறையியல், அதாவது தேவனுடைய இறையாண்மையை முன்வைக்கும் கால்வின் வழி உபதேசம், என்றதும் பெரியவர்கள் முகம் சுளித்தால், அதில் நியாயம் இருக்கிறது. லெக்ரே, ஷாய் லின் போன்ற கறுப்பினப் பாடகர்கள் அதை ராப் பாட்டாகவே பாடினார்கள். இளைஞர்கள் ஆசையாகக் கேட்டார்கள். ஆனாலும், "இது வெள்ளைக்காரன் உபதேசம் இல்லையா?" என்ற கேள்வி போகவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த உபதேசத்தைக் கறுப்பினச் சபையாரிடம் புதிதாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. அது அவர்கள் வீட்டுச் சொத்து.

லெமுவேல் ஹெய்ன்ஸ் 1753-இல் கனெக்டிகட்டில் பிறந்தார். தகப்பன் கறுப்பர், தாய் வெள்ளைக்காரி, இருவருமே கைவிட்டார்கள். ஐந்து மாதக் குழந்தையை மாசசூசெட்ஸில் ரோஸ் என்ற டீக்கன் வீட்டில் ஒப்பந்த வேலைக்கு விட்டார்கள். 21 வயதுவரை அங்கேதான். பகலெல்லாம் வயல் வேலை, ராத்திரி அடுப்பு வெளிச்சத்தில் படிப்பு. சனிக்கிழமை இரவுகளில் அந்த வீட்டில் அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை வாசிப்பது வழக்கம். ஒருநாள் லெமுவேல் தான் எழுதியதை எடுத்து வாசித்துவிட்டார். கேட்டு முடித்த டீக்கன், "இது விட்ஃபீல்டுடையதா?" என்று அந்தக் காலத்துப் பெரும் பிரசங்கியாரின் பெயரைச் சொல்லிக் கேட்டார். "இல்லை, லெமுவேலுடையது" என்று பதில் வந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் அவர் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனார். 1776 வாக்கில் அடிமைமுறைக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். தேவன் சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணினார் என்ற அப்போஸ்தலர் வசனத்தை அதில் எடுத்து வைத்தார். மனிதன்மேல் முழு உரிமை தேவனுக்கே என்றால், இன்னொரு மனிதன் அவனுக்கு எப்படி எஜமானாக முடியும்? எட்வர்ட்ஸ் கற்பித்த இறையாண்மையை அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனார். எட்வர்ட்ஸ் பாதியில் நின்ற இடத்தைத் தாண்டினார். ஹெய்ன்ஸ் எழுதிய அந்தக் கட்டுரையின் கையெழுத்துப் படி 1983-இல்தான் அச்சேறியது. அவர் 1785-இல் குருப்பட்டம் பெற்று, வெர்மான்ட்டின் ரட்லண்டில் வெள்ளையர் சபைக்கு 30 வருஷம் போதகராக இருந்தார்.

அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் கிரிம்கேயும் இந்த வரிசைதான். பிரின்ஸ்டனில் இறையியல் படித்து, வாஷிங்டனில் சீர்திருத்த வழிச் சபையான பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகராக இருந்துகொண்டே, நிறவெறிக்கு இடம்கொடுத்த சபைகளைக் கண்டித்தார்.

சரி, இன்று இதை எப்படிப் பேசுவது? கறுப்பினச் சபையின் ஆராதனையில் ஆர்கனை மூடச் சொல்லாதீர்கள். கைதட்டலை நிறுத்தச் சொல்லாதீர்கள். இறையியலோடு சேர்த்து ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் ஆராதனையின் மௌனத்தையும் யாரும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கறுப்பினச் சபையின் ஆலயத்தை நினைத்துப் பாருங்கள்: போதகர் யோசேப்பின் கதையை எடுக்கிறார். குழி, விலைபேசிய அண்ணன்மார், சிறைச்சாலை என்று மெதுவாக வருகிறார். பாட்டனின் பாட்டன் ஏலத்தில் விற்கப்பட்ட குடும்பத்து மூதாட்டி முன்வரிசையில் இருக்கிறார். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ..." என்று போதகர் நிறுத்துகிறார். அவர் வாய் திறக்குமுன்பே அந்த அம்மா எழுந்து, மீதி வசனத்தைச் சத்தமாகச் சொல்லி முடிக்கிறார்.