வலப்பக்கம் வளையும் பந்து

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் ஆடத் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களிடம் என்ன சிக்கல் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நீண்ட தூரம் அடிப்பதற்கான டிரைவர் மட்டையை எடுத்து அடித்தால் பந்து நேராகத்தான் கிளம்புகிறது, அப்புறம் பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது என்பார்கள். இதற்குப் பெயர் ஸ்லைஸ். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒன்றுக்கே செலவிடப் போகிறேன். ஸ்லைஸ் ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால், ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசும் முறையில், வேறு எந்தக் கோளாறு வந்தாலும் அதை நீங்களே பிரித்துப் பார்க்க முடியும். நான் சொல்வது எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கை ஆட்டக்காரர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இந்தச் சின்னப் பந்தோடு கிளப்பின், அதாவது கோல்ஃப் மட்டையின், அடிக்கும் முகம் ஒட்டியிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் ஏறக்குறைய அதில் ஒரு பங்கு. நீங்கள் எப்படி நின்றீர்கள், கிளப்பை எவ்வளவு அழகாகத் தூக்கினீர்கள் என்பது பந்துக்குத் தெரியாது. அந்தக் கணத்தில் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, கிளப் எந்தப் பாதையில் எவ்வளவு வேகமாக வந்தது, முகத்தின் எந்த இடத்தில் பட்டது, இவைதான் அதற்குத் தெரியும்.

இங்கே ஒரு பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கிளப் வீசப்படும் பாதையில்தான் பந்து கிளம்பும், முகம் பார்க்கும் இடத்தை நோக்கி அப்புறம் வளையும் என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்து அளந்து பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. பந்து எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது முகம். டிரைவரில் சுமார் 85 சதவீதம், அயர்ன் எனப்படும் இரும்புத் தலை மட்டையில் சுமார் 75 சதவீதம் முகத்தின் பங்கு. முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் வளைவு பிறக்கிறது.

ஒரு கணக்காகச் சொல்கிறேன். முகம் இலக்குக்கு 1 டிகிரி இடப்பக்கம் பார்க்கிறது, பாதையோ 6 டிகிரி இடப்பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து ஏறக்குறைய நேராகக் கிளம்பும். ஆனால் பாதையோடு ஒப்பிட்டால் முகம் 5 டிகிரி வலப்பக்கம் திறந்திருக்கிறது. அந்த 5 டிகிரிதான் பந்தைச் சாய்வாகச் சுழல வைத்து வலப்பக்கம் இழுக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று அந்த ஆட்டக்காரர் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிற்கிறார். தோள்கள் அந்தப் பக்கம் திறந்துகொள்கின்றன, கிளப் வெளியிலிருந்து உள்ளே இன்னும் கூடுதலாக வெட்டிக்கொண்டு வருகிறது. கைகளோ பழக்கத்தால் முகத்தை இலக்கை நோக்கியே வைத்திருக்கின்றன. வித்தியாசம் 5 டிகிரியிலிருந்து 8 டிகிரி ஆகிவிடுகிறது. இப்படித்தான் ஸ்லைஸ் வருடக்கணக்கில் வளர்கிறது. உழைக்காததால் அல்ல, தவறான மருந்தை விடாமல் சாப்பிடுவதால்.

“அயர்னில் நன்றாகத்தான் அடிக்கிறேன், டிரைவர்தான் சரியில்லை” என்று சொல்பவர்கள் நிறைய. டிரைவரின் முகச் சாய்வு, அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, 10 டிகிரியை ஒட்டி இருக்கும், குறுந்தூர அடிக்கான பிட்சிங் வெட்ஜில் அது 45 டிகிரிக்குப் பக்கத்தில். அதே வித்தியாசம், சாய்வு குறைந்த கிளப்பில் பந்தின் சுழல் அச்சை மிக அதிகமாகச் சாய்த்துவிடும். வெட்ஜில் கண்ணுக்குத் தெரியாத குறை டிரைவரில் வெட்டவெளிச்சமாகிறது, அவ்வளவுதான். புது டிரைவர் வாங்கும் செலவைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

சென்னையில் ஆடுபவர்கள் கோடை விடுமுறைக்கு ஊட்டி போய் ஆடிவிட்டு, ஸ்லைஸ் குறைந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. சுழலும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுவது காற்றுதான் என்பதால் அங்கே வளைவும் குறைகிறது, தூரமும் கூடுகிறது. சென்னைக்குத் திரும்பி வந்தால் ஸ்லைஸும் கூடவே வந்துவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? பிடியில்தான். என் உறுதியான கருத்து, ஸ்லைஸ் அடிப்பவர் முதல் மாதம் பிடியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. இடது உள்ளங்கையின் குறுக்கே கைப்பிடியை வைத்து இறுக்கிப் பிடிப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. கைப்பிடி விரல்களில் உட்கார வேண்டும், தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போது அதன் வளையம் விரல்களில் மாட்டியிருப்பது போல. பிடித்த பிறகு குனிந்து உங்கள் இடது கையைப் பாருங்கள். விரல் முட்டிகள் இரண்டு, முடிந்தால் இரண்டரை தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கை இடப்பக்கமாகச் சரிந்திருக்கிறது, அடிக்கும் கணத்தில் முகம் திறந்தே வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்பு உங்கள் வலது தோள் பக்கம் காட்ட வேண்டும். வலது கையின் மடிப்பும் அப்படியே. வலது சுண்டுவிரலை இடது கையின் மேலே ஏற்றுவதா, இடது ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்வதா, பத்து விரலாலும் பிடிப்பதா என்று நீண்ட விவாதம் நடக்கும். பிரிட்டிஷ் ஓபனை 6 முறை வென்ற ஹாரி வார்டன் ஏற்றிப் பிடித்தார், ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் கோத்துப் பிடித்தவர்கள். உங்கள் கைக்கு எது வசதியோ அது போதும்.

அடுத்து, பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் டிரைவரின் முகம் முழுக்கத் தீற்றிவிட்டு அடித்தால், பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். அடித்த பிறகு துணியால் துடைத்துவிடலாம். தண்டு சேரும் பக்கமான குதிகாலில் பட்டால், முகம் நேராக இருந்தாலும்கூட பந்து வலப்பக்கம் வளையும். அடியின் வேகத்தில் கிளப்பின் தலை லேசாகத் திரும்ப, அதன் எதிர்விளைவாகப் பந்து சுழல்வதால் வருவது இது. நுனியில் பட்டால் இடப்பக்கம் வளையும். நான் பார்த்தவரை, ஸ்விங்கையே மாற்றப் புறப்பட்ட பலருக்குப் பந்திலிருந்து கொஞ்சம் விலகி நின்றாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கிறது.

பாதையைத் திருத்துவது இதற்கெல்லாம் பிறகுதான். மேலே போன கிளப்பைக் கீழே கொண்டுவரும்போது தோள் முதலில் சுழன்றால் கிளப் வெளியே தள்ளப்பட்டு வெட்டிக்கொண்டு வரும். இடது காலில் எடை இறங்க வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், அப்புறம்தான் கைகள். காலியான பந்துப் பெட்டி ஒன்றைப் பந்துக்கு ஒரு சாண் பின்னால், இலக்குக் கோட்டுக்குச் சற்று வெளிப்புறமாக வையுங்கள். 7-ஆம் எண் அயர்னை எடுத்துப் பாதி வேகத்தில், பெட்டியில் படாமல் அடிக்கப் பழகுங்கள். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நேர் மட்டையில் ஆடும்போது மட்டையின் முழு முகத்தையும் பந்து வரும் திசைக்குக் காட்டிக்கொண்டே கையை முன்னே நீட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை கோல்ஃபுக்குக் கொண்டுவந்தால் முகம் மூடாது. பந்தை அடித்த பிறகு வலது முன்கை இடது முன்கையின் மேலே சுழன்று வர விட வேண்டும்.

அயர்ன் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்தை மேலே தூக்கிவிட முயலாதீர்கள், தூக்கும் வேலையை முகச் சாய்வு பார்த்துக்கொள்ளும். கிளப் முதலில் பந்தைத் தொட்டு, அதன் பிறகு புல்லைத் தொட வேண்டும். பயிற்சி இடமான ரேஞ்சில் பாய்மேல் வைத்து அடிக்கும்போது இது தெரியாது. பந்துக்கு முன்பே தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கி வந்து பந்தை அடித்துவிடும், உங்களுக்கும் நல்ல அடி போலத்தான் இருக்கும். மைதானத்தில் அதே அடி மண்ணில் புதைந்து நிற்கும். முடிந்தபோதெல்லாம் புல்லில் பழகுங்கள். பாய்தான் கிடைக்கும் என்றால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போட்டு, அதைத் தொடாமல் அடியுங்கள்.

தூரம் போகவில்லையே என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. அவர்கள் பெங்களூரின் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் முன்னணியில் ஆடியவர்களோடு ஒப்பிட்டால் அவருடைய டிரைவ் தூரம் குறைவு. ஆனாலும் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தளமான கிரீன் மீது பந்தை உருட்டுவதில் அவருக்கு இருந்த திறமைதான் அங்கே கொண்டுபோனது. ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் அதில் பாதியைக் கிரீனிலும் அதைச் சுற்றியும் செலவிடுங்கள்.

பிடியை மாற்றிய முதல் சில வாரங்களில் பந்து நேரே இடப்பக்கம் பறக்கும். அதைப் பார்த்துப் பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடுபவர்கள்தான் அதிகம். முகம் மூடத் தொடங்கிவிட்டது, பாதை இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது, அதனால்தான் அப்படிப் போகிறது. அந்த முதல் மாதம் முடிந்ததும் பெட்டியை எடுத்து வைத்துப் பாதையைத் திருத்தத் தொடங்குங்கள். நீங்கள் ஆடும் மன்றத்தில் போட்டி நடக்கும் வாரமாகப் பார்த்து மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.