தலைமதகை மூடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மாயவரம் கடைத்தெருவில் 1984 முதல் பத்தொன்பது ஆண்டுகள் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். பாட்டையும் படத்தையும் இணையத்தில் திருடுவதைத் தடுக்கும் சட்டங்களைப் பற்றிப் பேச நிலையத்தார் அழைத்தார்கள். என் கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக்கொண்டு இந்த விஷயத்தில் வாய் திறப்பது நியாயமாக இருக்காது.

நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்போம். பிளாங்க் கேசட்டில் பதிந்து மறுநாள் சாயங்காலம் கொடுப்போம். அந்தப் பாட்டை எழுதியவருக்கோ, இசையமைத்தவருக்கோ, பாடியவருக்கோ என் கடையிலிருந்து ஒரு காசு போனதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-லேயே வந்துவிட்டது. நான் செய்தது தவறு. அன்றைக்கு எனக்கு அது தவறாகப் படவில்லை.

எனக்கு உறைத்தது 1991-இல்தான். எங்கள் பக்கத்து ஓதுவார் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் பாடினால் கோயில் பிராகாரத்தில் நடந்து போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அந்தக் குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பகலில் காக்காய்ச் சத்தமும் பஸ் ஹாரனும் இருக்கும் என்பதால், அர்த்தசாம பூஜை முடிந்தபிறகு மண்டபத்தில் மூன்று இரவு உட்கார்ந்து பதிந்தோம். ஐந்நூறு கேசட் போட்டேன். விலை 25 ரூபாய், விற்கிற ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 3 ரூபாய் என்று பேச்சு. ஐப்பசிக் கடைமுழுக்குக்குத் துலாக்கட்டத்தில் கடை விரித்தேன். நாலு கடை தள்ளி அதே குரல் கேட்டது. அட்டை வேறு, விலை 15 ரூபாய். ஓதுவாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு போனாப் போவுது தம்பி. யாரு பாடுனதுன்னுகூடவா போடக் கூடாது?" என்றார்.

ஆகவே திருட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். எந்த மாதிரிச் சட்டம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் இரண்டு மசோதாக்கள் வந்தன. சோபா, பிப்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து இயங்கும் திருட்டுத் தளங்களை நீதிமன்ற ஆணை வாங்கி முடக்கலாம், தேடுபொறிகள் அந்தத் தளத்தைக் காட்டக் கூடாது, பணம் செலுத்தும் நிறுவனங்களும் விளம்பரம் தருகிறவர்களும் அதோடு உறவை வெட்டிக்கொள்ள வேண்டும். சினிமாக்காரர்களும் இசை நிறுவனங்களும் ஆதரித்தார்கள். ஒரு மூலையில் ஒரு பக்கம் தவறாக இருந்தால் முழுத் தளமும் போய்விடுமே என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2012 ஜனவரி 18-ஆம் தேதி ஆங்கில விக்கிப்பீடியா இருபத்து நான்கு மணி நேரம் தன்னை மூடிக்கொண்டது. இரண்டே நாளில் மசோதாக்களை ஒத்திவைத்தார்கள்.

அது அமெரிக்கக் கதை என்று இருந்துவிட முடியாது. அதே ஆண்டு கோடையில், புதுப் படம் ஒன்றைக் காக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினார்கள். திருடப்போகிறவர் யார் என்று தெரியாததால், பெயர் தெரியாத எதிராளிகள் மீது வாங்குகிற ஆணை அது. நம் நாட்டில் அதை 'அசோக் குமார் ஆணை' என்பார்கள். இணையச் சேவை தருகிற நிறுவனங்கள் என்ன செய்தன? விமியோ போன்ற வீடியோத் தளங்களை முழுசாக மூடிவிட்டன. சொந்தமாக எடுத்த குறும்படத்தை அதில் வைத்திருந்த பையனுக்கும் கதவு சாத்தப்பட்டது. பிறகு ஜூன் மாதம் அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கத்தின் முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது.

அதோடு முடியவில்லை. 2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களுக்காக வாங்கிய ஆணைகளில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் பட்டியலில் இருந்தன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சிக்கிக்கொண்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகங்களை நம் பிள்ளைகள் தேடிப் படிக்கிற இடம் அது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மண்ணில் நூல்கள் பிழைத்ததே படி எடுத்ததால்தான். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் போனார். ஒரே நூலுக்குப் பல பிரதிகளைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டுத்தான் அவர் பதிப்பித்தார். ஓலை செல்லரித்துப் போகும் முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதியிராவிட்டால் அவர் கைக்கு எதுவும் வந்திருக்காது. பிழைப்புக்குப் பாடுகிறவர் குரலைத் திருடுவதும், அழியப்போகும் ஏட்டைப் படி எடுப்பதும் ஒன்றல்ல. சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

வாய்க்காலில் எஞ்சின் வைத்து ஒருவன் முறை தவறித் தண்ணீர் இறைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலைக் கவனிக்கிற லஸ்கர் சைக்கிளில் வந்து அந்த எஞ்சினை நிறுத்துவார். கல்லணையில் தலைமதகின் ஷட்டரை இறக்கினால் அவன் திருட்டும் நிற்கும்தான். ஆனால் முதலில் காய்வது பூம்புகார்ப் பக்கத்துக் கடைமடை வயல். எஞ்சின் வைத்தவன் போர்வெல் போட்டுப் பிழைத்துக்கொள்வான். திருட்டுத் தளங்களைப் பாருங்கள், தடுத்த மறுநாளே பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்கின்றன. மூடியது மூடியபடி கிடப்பது நேர்மையான தளங்கள்தான்.

தண்டனையைக் கூட்டினால் தீரும் என்கிறார்கள். 2004-இல் திருட்டு விசிடி விற்பவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது நம் மாநிலம். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். எங்கள் கடைத்தெருவில் விசிடி மறைந்தது, படம் கைப்பேசிக்குப் போனது. 2023-இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் தடுக்கச் சொல்ல அதிகாரிகளையும் நியமித்திருக்கிறார்கள். வேகம் நல்லதுதான். ஆனால் தவறாகத் தடுக்கப்பட்டவன் எந்த வாசலில் போய் நிற்பது, எத்தனை மணி நேரத்தில் அவனுக்குத் திறந்துவிடுவார்கள் என்பதையும் அதே கண்டிப்போடு எழுதி வைக்க வேண்டும்.

அந்தத் திருத்தத்துக்கு 2021 ஜூனில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவகாசம் இரண்டு வாரம். திருட்டைத் தடுக்கும் பிரிவோடு, தணிக்கைச் சான்று பெற்ற படத்தையும் அரசு மறுபடி பரிசீலிக்கச் சொல்லலாம் என்ற பிரிவும் அந்த வரைவில் இருந்தது. தமிழ்த் திரையுலகத்திலிருந்தும் எதிர்க்குரல் எழுந்தது. 2023 சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. கேட்டால் நடக்கிறது, நேயர்களே. அடுத்த வரைவு வரும்போது இந்தப் பக்கத்து நாதஸ்வரக் கலைஞர்களும், ஓதுவார்களும், நூலகர்களும் எழுதிப் போட வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள்.

ஓதுவார் கேசட்டின் மூல நாடா பூசணம் பிடித்து அழிந்துவிட்டது. போன வருஷம் என் பேத்தி இணையத்தில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதே மண்டபம், அதே குரல். யாரோ ஏற்றியிருக்கிறார், பெயர் இல்லை, நடுவில் விளம்பரம் ஓடுகிறது. முறைப்படி புகார் கொடுத்து எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எடுத்துவிட்டால் அந்தக் குரல் எங்கேயும் இல்லை. ஓதுவாரின் மகளிடம் போய்க் கேட்டேன். "அப்பா குரல் இருக்கட்டும்ண்ணே. பேரைப் போடச் சொல்லுங்க, வர்ற காசுல எங்களுக்கும் கொஞ்சம் கேளுங்க" என்றார். இரண்டையும் எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பெயர் வந்துவிட்டது. காசைப் பற்றி இன்னும் பதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.

வணக்கம்.