மூணு நொடி கொடுங்க, டீச்சர்!

நடுவர் அவர்களே, கோத்தகிரிக் குளிரிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். பிள்ளைகளின் சிந்தனையை வளர்ப்பது இடைவிடாத பேச்சா, இடையில் விடும் அமைதியா? அமைதியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"அமைதிதான் பெரிசுன்னா இந்த அம்மாவுக்கு எதுக்கு மைக்?" என்று கிண்டலடித்தார் எதிரணித் தலைவர். ஐயா, நீங்க பத்து நிமிஷம் மூச்சுவிடாம பேசினீங்க. நடுவுல தண்ணி குடிக்க நிறுத்தினீங்க பாருங்க, அப்பத்தான் கைதட்டு விழுந்துச்சு.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்றார். ஒத்துக்கொள்கிறேன். அந்த வாயைத் திறக்க யாருங்க நேரம் கொடுத்தது?

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்று ஒரு கல்வி ஆய்வாளர். வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரி ஒரு நொடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளை, இல்லையென்றால் வாத்தியாரே பதிலையும் சொல்லிவிடுவார். அந்த ஒரு நொடியை மூன்றாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கிய பிள்ளைகளும் பேசினார்கள். 1974இல் எழுதிவைத்துவிட்டார். இன்னொரு இடைவெளியையும் அவர் அளந்தார்: பிள்ளை பதில் சொன்ன பிறகு வருவது. "வெரிகுட், அடுத்து" என்று பாயாமல் நில்லுங்கள். "ஏன்னா டீச்சர்..." என்று பிள்ளை தொடரும். அந்த 'ஏன்னா'வில்தான் படிப்பே இருக்கிறது.

நம் மலையில் இது இன்னும் அவசியம். வீட்டில் படுகு பேசும் பிள்ளை, ஆங்கிலத்தில் வந்த கேள்வியைத் தமிழுக்கோ படுகுக்கோ கொண்டுபோய், யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு நொடியில் இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏற முடியுமா?

நான் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை. ஏழாம் வகுப்பில் ஒருநாள், "ஊட்டியில் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்குது?" என்று என்னை எழுப்பினார் வாத்தியார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. 'தண்ணி கொதிக்குது, பருப்பு வேகலையே' என்று தினமும் புலம்புவார். ரெண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கே என்று துழாவிக்கொண்டிருந்தேன். "உட்காரு. அடுத்தது." உட்கார்ந்துவிட்டேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டில் பருப்பு லேசில் வேகாது. பாதிப் பதில் என் வீட்டு அடுப்பிலேயே இருந்தது. சொல்லத்தான் விடவில்லை.

அம்மா பறித்த கொழுந்தை ஃபேக்டரியில் உடனே அரைக்க மாட்டார்கள். பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, 12 மணி நேரத்துக்கு மேலும் வாட விடுவார்கள். பார்த்தால் அங்கே ஒரு வேலையும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் இலைக்குள் ஈரம் குறையும், மணம் கூடும். வாடாத இலையை உருட்டினால் நொறுங்கும். எதிரணி வகுப்பில் நடப்பது அதுதான், பச்சை இலையை நேரே மெஷினில் போடுகிறார்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார், பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். 'கை கட்டு, வாய் பொத்து' என்று அடக்குவது நாங்கள் கேட்கும் அமைதி அல்ல. அதில் பிள்ளை யோசிப்பதில்லை, பெல் எப்போது அடிக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

அடுத்து வரும் எதிரணி ஐயாவும் ஆசிரியர்தான். அவருக்கு ஒரே கேள்வி: உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒரு முழு வாக்கியத்தில் பதில் சொன்னது என்றைக்கு?

உடனே வேண்டாம் ஐயா. மூணு நொடி எடுத்துக்குங்க.